இணைய நிறுவனங்களின் தோற்றக் கதைகள் – ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்தின் வரலாற்றைப் பயிலப் புகும் மாணவன் முதலில் எதிர்கொள்வது ஒரு கதையை. கண்ணிழந்த பாணன் ஒருவன் யாழிசைத்து மன்னனை மகிழ்வித்தான். மன்னன் மணற்றிடல் ஒன்றைப் பரிசிலாக வழங்கினான். அத்திடலே யாழ்ப்பாணம் எனப் பெயர் பெற்றது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இக்கதையைக் கூறுகின்றது. இதனை இன்றைய ஆய்வாளர் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும், கதையை நம்பாது விடுவதோடு வரலாற்று மாணவனின் பணி முடிந்துவிடுவதில்லை. பெயர் முன்னே இருக்க, அதற்கு இசைவான கதை பின்னே வந்து சேர்ந்ததா? யாருடைய தேவைக்காகச் சேர்ந்தது? பாணன் வருமுன் அம்மணலில் வாழ்ந்தோரைக் கதை ஏன் பேசவில்லை? இவ்வினாக்களை எழுப்பும்போதுதான் கதையும் ஒரு சான்றாக மாறுகின்றது.

இவ்வினாக்கள் பழைய ஊர்களுக்கும் கோயில்களுக்கும் மட்டும் உரியனவல்ல. ஏறக்குறைய முப்பது ஆண்டு வயதே உடைய இணைய நிறுவனங்களுக்கும் தலபுராணங்கள் தோன்றிவிட்டன. ஓர் இளைஞன்; ஒரு கார்க்கொட்டகை; ஒரு கணத்தில் மின்னலெனத் தோன்றிய எண்ணம்; பின்னர் கோடிக்கணக்கான செல்வம். நாயகனின் பெயரும் ஊரின் பெயரும் மாறினும் கதையின் எலும்புக்கூடு மாறுவதில்லை. ‘ஸ்டார்ட் அப்’ என உலகெங்கும் வழங்கும் இப்புதுமுயற்சிகளுக்கு எண்ணம் எவ்வாறு கிடைத்தது என்ற வினாவுக்கு, இக்கதைகள் தரும் விடையையும் சான்றுகள் தரும் விடையையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வி ஆர்வம் ஒன்றே இதற்குக் காரணமன்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர், அரச நியமனத்தை எதிர்பார்த்துக் காத்திருத்தல் பட்டதாரிக்கு உறுதியான வழியாகத் தோன்றவில்லை. சொந்தமாகத் தொழில் தொடங்குங்கள், புதிய எண்ணத்தோடு வாருங்கள் என்ற அழைப்பு பல்கலைக்கழக அறிவித்தற் பலகைகளிலும் இடம்பெறுகின்றது. எண்ணத்தை ஐந்து நிமிடத்தில் எடுத்துரைப்போருக்குப் பரிசளிக்கும் போட்டிகளும் நடைபெறுகின்றன. அப்படியான எண்ணம் எதுவும் தமக்குத் தோன்றவில்லையே என்று தம்மைத் தாமே ஒதுக்கிக்கொள்ளும் கலைப்பீட மாணவர் பலரை யான் அறிவேன். மின்னல் தம்மீது விழவில்லை என்பதே அவர்களது கவலை. பிறர்மீதேனும் அது விழுந்ததா என்பதை ஆராய்வது பயனுடைய காரியம் எனலாம்.

முதலில் ஈபே என்னும் ஏல நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ‘பெஸ்’ என்பது அமெரிக்கச் சிறுவர் விரும்பும் இனிப்பு. பொம்மைத் தலையுடைய சிறு குழாயிலிருந்து அது ஒவ்வொன்றாக வெளிவரும். அக்குழாய்களைச் சேகரிப்போரும் உளர். ஈபேயைத் தோற்றுவித்த பியேர் ஒமிடியார், தாம் மணக்கவிருந்த பெண் அக்குழாய்களை ஏனைய சேகரிப்பாளருடன் மாற்றிக்கொள்ள விரும்பியதால் அவ்வேலத் தளத்தை அமைத்தார் என்பது பல ஆண்டுகளாகப் பத்திரிகைகள் எழுதிய கதை. காதல், இனிப்பு, கணினி ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் அமைந்துவிட்டால் எந்தப் பத்திரிகையாளர்தான் அதனை விடுவார்? 2002ஆம் ஆண்டில் அடம் கோஹன் எழுதிய ஈபே வரலாற்று நூல் உண்மையை வெளியிட்டது. 1997ஆம் ஆண்டளவில், பத்திரிகைகளின் கவனத்தை ஈர்க்க முடியாது தவித்த நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் ஒருவர் ஆக்கிய கதை அது.

நிகழ்ந்தது வேறு. ஒமிடியார் பாரிஸ் நகரில் ஈரானியப் பெற்றோருக்குப் பிறந்து, ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்த மென்பொருளாளர். சாதாரண மனிதனும் பெரு முதலீட்டாளனும் ஒரே நிலையில் நின்று விலை கூறக்கூடிய சந்தை ஒன்று இயலுமா என்ற சிந்தனை அவருக்கு இருந்தது. 1995 செப்டெம்பரில், அந்நாட்டுத் தொழிலாளர் தின விடுமுறையின்போது, ஏலத்துக்கான நிரலை எழுதித் தமது சொந்த இணையத் தளத்தின் ஒரு பகுதியாக இட்டார். அதே தளத்தின் மற்றொரு பகுதியில் இபோலா நோய் பற்றிய செய்திகள் இருந்தன! முதலில் விற்பனையானது பழுதடைந்த லேசர் சுட்டுக்கோல் ஒன்று, விலை 14.83 டொலர். அது பழுதடைந்தது என்பதை அறிவீரா என விற்றவர் வினவியபோது, பழுதடைந்த சுட்டுக்கோல்களைச் சேகரிப்பதே தமது வழக்கம் என வாங்கியவர் விடையளித்தாராம்.

இதற்குப் பின் நிகழ்ந்ததே எமது விடயத்துக்கு முக்கியமானது. அப்பொழுதும் ஒமிடியார் வேறொரு நிறுவனத்தில் ஊழியராகவே இருந்தார். தளத்துக்கு வருவோர் பெருகவே, இணைய இணைப்பை வழங்கிய நிறுவனம் மாதக் கட்டணத்தை 30 டொலரிலிருந்து 250 டொலராக உயர்த்தியது. அச்செலவை ஈடுசெய்யும் பொருட்டு, 1996இன் தொடக்கத்தில், விற்பனை விலையில் ஒரு சிறு விகிதத்தை விற்போரிடம் கேட்டார். காசோலைகளும் நாணயங்களும் கடித உறைகளில் வந்து குவியத் தொடங்கின. தம்மிடம் இருப்பது ஒரு தொழில் என்பதை அவர் அறிந்தது அப்போதுதான். ஆகவே, ஈபேயின் எண்ணம் பிறந்த நாள் எது? நிரல் எழுதிய விடுமுறை நாளா, கட்டண உயர்வுக் கடிதம் வந்த நாளா? யான் இரண்டாவதையே தெரிவு செய்வேன். அக்கடிதத்தை வைத்துக் கதை சொல்ல எவரும் விரும்பமாட்டார் என்பது வேறு விடயம்.

இவர்கள் அனைவருக்கும் அடித்தளமாக அமைந்தவற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுதல் வேண்டும். உலகளாவிய வலை, ஐரோப்பிய அரசுகள் பல சேர்ந்து நடத்தும் சேர்ண் ஆய்வுகூடத்தில், டிம் பேணர்ஸ் லீ 1989இல் முன்வைத்த திட்டத்திலிருந்து வளர்ந்தது. 1993 ஏப்ரல் 30ஆந் திகதி அவ்வாய்வுகூடம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. ஐக்கிய அமெரிக்காவில் இணையத்தின் முதுகெலும்பாக விளங்கிய வலையமைப்பு, அரச நிதியில் இயங்கும் தேசிய விஞ்ஞான மன்றத்துக்கு உரியது. வர்த்தகப் பயன்பாட்டுக்கு அதில் கட்டுப்பாடு இருந்தது. சரியாக இரண்டு ஆண்டுகளின் பின், 1995 ஏப்ரல் 30ஆந் திகதி, அவ்வமைப்பு மூடப்பட்டு இணையம் தனியார் கையில் முழுதாக விடப்பட்டது. 1995ஐ அடுத்த ஆண்டுகளில் இத்தனை எண்ணங்கள் ஒருங்கே முளைத்தமைக்கு இதுவே தலையாய காரணம். கார்க்கொட்டகைக் கதைகளில் இவ்வரச நிதிக்கு இடமில்லை.

மின்னல் விழாமலே, வேண்டுமென்று தேடி எண்ணம் கண்டவர் எவரும் இல்லையா எனில், ஒருவர் உளர். அமேசனின் ஜெப் பெசோஸ் 1994இல் நியூயோர்க்கில் டி. ஈ. ஷோ என்னும் நிதி நிறுவனத்தில் உயர் பதவி வகித்தார். வலையின் பயன்பாடு ஓராண்டில் 2,300 சதவீதம் வளர்ந்ததாகக் கூறும் கணக்கொன்று அவரது கண்ணிற் பட்டது. இணையத்தில் விற்கக்கூடிய 20 பொருள்களைப் பட்டியலிட்டார். இசைத்தட்டு, மென்பொருள், உடை, அலுவலக உபகரணம் முதலியன அதில் இருந்தன. ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்துப் புத்தகத்தைத் தெரிந்தார். அவர் பெரும் வாசகர் என்பது உண்மையே. எனினும் தெரிவுக்குக் காரணம் வாசிப்பன்று, எண்ணிக்கை. உலகில் அச்சில் உள்ள நூல்கள் 30 இலட்சத்துக்கு மேற்பட்டவை. எந்தக் கடையும் அவற்றை அடுக்கி வைக்க இயலாது. ஒரு பிரதி மற்றொரு பிரதியைப் போன்றது. ஆதலால் வாங்குபவர் தொட்டுப் பார்க்கவேண்டியதில்லை. மொத்த விநியோகம் இரண்டு பெரு நிறுவனங்களின் கையில் இருந்தது. அவற்றுள் ஒன்றான இங்கிராமின் களஞ்சியம் ஒறிகன் மாநிலத்தில் இருந்தமை சியாற்றில் நகரைத் தெரிந்தமைக்குரிய காரணங்களுள் ஒன்று.

இவ்வரலாறு, எண்ணத்தை முறையாகத் தேடிப் பெற இயலாது என்ற கூற்றை மறுப்பதாகும். ஆகையால் இதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் இரு செய்திகளைச் சேர்த்து நோக்குதல் வேண்டும். இணையத்தினூடாக எல்லாப் பொருளையும் விற்கும் கடை பற்றிய பேச்சு அந்நிதி நிறுவனத்துக்குள்ளேயே, அதன் தலைவர் டேவிட் ஷோவுடன் நிகழ்ந்தது. பெசோஸின் தனிச்சிந்தையில் மட்டும் அது முளைக்கவில்லை. அடுத்து, 1995இல் அவரது பெற்றோர் அந்நிறுவனத்தில் இட்ட முதல் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் டொலருக்கு மேற்பட்டது. 20 பொருள்களின் பட்டியலை நாமும் எழுதலாம். இரண்டாவது செய்தியைப் பட்டியலில் எழுதுவது எளிதன்று.

பட்டியலைவிட, அருகிலிருந்த இடையூறு ஒன்றே எண்ணமாக மாறிய சந்தர்ப்பங்கள் அதிகம். இதற்குச் சிறந்த உதாரணம் ஹொட்மெயில். இந்தியாவிலிருந்து உயர்கல்விக்காகச் சென்ற சபீர் பாட்டியாவும் அவரது தோழர் ஜக் சிமித்தும் 1995இல் கலிபோர்ணியாவில் ஒரே நிறுவனத்தில் பணியாற்றினர். வேறொரு புதுமுயற்சி பற்றி இருவரும் தமக்குள் கருத்துப் பரிமாற வேண்டியிருந்தது. நிறுவனத்தின் கணினிகளுக்கு இடப்பட்டிருந்த பாதுகாப்பு அரணோ அவர்களது சொந்த மின்னஞ்சலை அணுக இடந்தரவில்லை. அலுவலக மின்னஞ்சலில் எழுதினால் மேலதிகாரி காணக்கூடும். இத்தடையைத் தாண்ட வழி தேடியபோது, வலையைப் பார்க்க உதவும் எந்தக் கணினியிலிருந்தும் மின்னஞ்சலை வாசிக்க முடிந்தால் என்ன என்ற வினா பிறந்தது. தாம் முதலில் எண்ணியிருந்த, தகவல்களை வலையில் சேமிக்கும் முயற்சி பின்தள்ளப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மின்னஞ்சல் யோசனை களவாடப்படும் என அஞ்சிய பாட்டியா, முதலீட்டாளர் முன் பழைய யோசனையையே விரித்துரைத்தார். அவர்கள் நம்பத்தக்கவர் எனக் கண்ட பின்னரே மெய்யான யோசனையை வெளியிட்டார். கைவிட்ட எண்ணம் நல்ல எண்ணத்துக்குக் காவலாளியாக நின்றது. 1996 யூலை 4ஆந் திகதி தொடங்கிய சேவையை 1997இன் இறுதியில் மைக்ரோசொப்ட் ஏறக்குறைய 40 கோடி டொலருக்குப் பெற்றது. பாட்டியாவின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அதே 1996இல் டி. ஈ. ஷோ நிறுவனமும் ஜூனோ என்ற பெயரில் வேறு முறையிலான இலவச மின்னஞ்சலைத் தொடங்கியது. காலம் கனிந்தபோது ஒரே எண்ணம் பல தலைகளில் ஒருங்கே தோன்றுதல் விஞ்ஞான வரலாற்றில் நன்கு அறியப்பட்ட ஒன்று. தொழில் வரலாற்றிலும் அவ்வாறே.

கூகிளின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்த லாறி பேஜ், 1996ஆம் ஆண்டளவில், வலைப் பக்கங்கள் ஒன்றையொன்று சுட்டும் இணைப்புகளை ஆராயத் தொடங்கினார். ஆய்வுக் கட்டுரையொன்றின் பெறுமதியை அதனை மேற்கோள் காட்டும் பிற கட்டுரைகளைக் கொண்டு அளப்பது கல்வியாளர் வழக்கம். அவ்வழக்கத்தைப் பேஜும் அவரது தோழர் சேர்ஜி பிறினும் வலைப் பக்கங்களுக்குப் பொருத்தினர். அடிக்குறிப்பிட்டுப் பழகிய கலைப்பீட மாணவருக்கு இக்கருத்து அந்நியமானதன்று என்பதைச் சற்றுப் பெருமையோடு குறிப்பிடலாம். அவ்வாய்வுக்கு உதவிய எண்முறை நூலகத் திட்டத்துக்கு நிதி வழங்கியதும் மேற்கூறிய தேசிய விஞ்ஞான மன்றமே. அக்காலத்திலேயே ஜோன் கிளைன்பேக் என்னும் ஆய்வாளரும், பின்னாளில் சீனத்தில் பைடு நிறுவனத்தைத் தொடங்கிய ரொபின் லீயும் ஏறக்குறைய இதே தடத்தில் தனித்தனியே சென்றுகொண்டிருந்தனர். பேஜும் பிறினும் தொடக்கத்தில் நிறுவனம் அமைக்க விழையவில்லை. தமது தேடல் முறையை இயங்கிக்கொண்டிருந்த நிறுவனங்களுக்கு விற்கவே முயன்றனர். எக்ஸைட் வாங்க மறுத்தது. வேறு வழியின்றியே வணிகரானார்கள் என்றும் சொல்லலாம்.

அத்துடன் கூகிளின் வருவாய்க்கு வழி காட்டிய எண்ணம் அவர்களுடையதன்று. இவ்விடத்தில் பில் குறொஸ் என்பவரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். ஏனெனில், எண்ணம் தேடும் வரலாற்றில் அவர் தனிப்பிறவி. 1996இல் கலிபோர்ணியாவின் பசடீனா நகரில் ஐடியாலாப் என்னும் நிறுவனத்தை அவர் அமைத்தார். எண்ணங்களை ஆக்கி, ஒவ்வோர் எண்ணத்துக்கும் ஒரு நிறுவனத்தைப் பிறப்பிப்பதே அதன் தொழில். எண்ணங்களுக்கான பட்டறை எனலாம். அங்கு பிறந்த ஈடோய்ஸ் என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனம் 1999இல் பங்குச்சந்தைக்கு வந்தபோது, நாடெங்கும் கடைகள் கொண்ட பழைய பெரு நிறுவனத்தைவிட அதிக மதிப்புப் பெற்றது, 2001இல் வங்குரோத்தானது. அதே பட்டறை 1998இல் கோட்டு என்னும் தேடற்றளத்தையும் வெளியிட்டது. தேடும் சொல்லுக்கு விளம்பரதாரர் ஏலம் கூறவேண்டும். பயனர் விளம்பரத்தைச் சொடுக்கினால் மட்டும் பணம் செலுத்தவேண்டும் என்பது அதன் முறை. விலைபேசப்பட்ட பட்டியலை நம்பமுடியுமா எனப் பலர் எள்ளினர். கூகிள் 2002இல் சொடுக்குக்குக் கட்டணம் அறவிடும் ஏல முறையைத் தழுவியது. ஓவர்ச்சர் எனப் பெயர் மாறியிருந்த கோட்டு வழக்குத் தொடுத்தது. ஓவர்ச்சரை யாகூ வாங்கிவிட்ட நிலையில், 2004 ஓகஸ்டில் கூகிள் தனது 27 இலட்சம் பங்குகளை யாகூவுக்கு அளித்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. உலகின் மிகப் பெரிய விளம்பர வருவாய்க்கு வித்தான எண்ணம் பட்டறையில் முறையாக வார்க்கப்பட்டதே. அதன் பெரும் பயன் சென்றது, எண்ணம் தேடாது ஆய்வேடு எழுதப் புகுந்த இருவரிடம்.

கைவிடப்பட்ட முயற்சியின் மிச்சத்திலிருந்து எழுந்தவை இன்னொரு வகை. வன்கூவர் நகரிற் சிறு குழுவொன்று ஆக்கிய இணைய விளையாட்டு நிறைவுறாது போக, அதன் துணைக் கருவிகளிலிருந்து 2004இல் பிளிக்கர் என்னும் படத் தளம் பிறந்தது. அக்குழுவின் ஸ்டுவேட் பட்டர்பீல்ட் மீண்டும் ஒரு விளையாட்டை ஆக்கினார். அதுவும் 2012இல் மூடப்பட்டது. ஊழியர் தமக்குள் உரையாட அமைத்துக்கொண்ட கருவி ஸ்லாக் ஆயிற்று. அவர் வாழ்நாளில் விரும்பியது விளையாட்டு. உலகம் அவரிடம் ஏற்றுக்கொண்டதோ வேறு.

போல் கிறஹம் என்பவரது அனுபவமும் இவ்வகையினதே. கணினியியலிற் கலாநிதிப் பட்டமும் ஓவியப் பயிற்சியும் பெற்ற அவர், 1995இல் ஓவியக் கூடங்களை இணையத்துக்குக் கொணர ஒரு நிறுவனம் தொடங்கினார். இலவசமாகச் செய்து தருகிறோம் என்றபோதும் கூடங்கள் வேண்டாமென்றன. தமக்கு விருப்பமான துறை என்பதால் பிறருக்கும் அது தேவை எனக் கருதியமையே தவறு எனப் பின்னர் அவரே எழுதினார். அதே நிரல்களைத் திருத்திக் கடைக்காரர் தாமே இணையக் கடை அமைக்கும் கருவியாக்கினார்; 1998இல் யாகூ அதனை வாங்கியது. 2005இல் அவரும் தோழரும் தொடங்கிய வை கொம்பினேற்றர் என்னும் அமைப்புக்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக மாணவர் இருவர் ஒரு திட்டத்துடன் வந்தனர். கைத்தொலைபேசியினூடாக உணவுக்குக் கட்டளையிடுதல் அத்திட்டம். அக்காலத் தொலைபேசிக்கு அது பொருந்தாது என நிராகரிக்கப்பட்டது. மறுநாள், ஊர் திரும்பும் புகையிரதத்தில் இருந்தவர்களுக்குக் கிறஹமிடமிருந்து அழைப்பு வந்தது: எண்ணத்தை விட்டுவிடுங்கள், நீங்கள் வாருங்கள். அவ்விருவரும் அவ்வாண்டிலேயே ரெடிற் தளத்தைத் தொடங்கினர். எண்ணத்துக்குப் பரிசளிக்கும் எமது போட்டிகளை நடத்துவோர் இந்நிகழ்ச்சியைக் கவனித்தல் நன்று.

தமிழர் வரலாற்றிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. சென்னையிற் கல்வி கற்று, மென்பொருளாளராக ஐக்கிய அமெரிக்கா சென்ற முருகவேல் ஜானகிராமன், 1997இல் புலம்பெயர்ந்த தமிழருக்காக ஓர் இணையத் தளத்தை ஓய்வு நேரத்தில் அமைத்தார். தமிழ் நாட்காட்டி, பண்டிகை நாள் பற்றிய நினைவூட்டல் முதலியன அதில் இடம்பெற்றன. மணமக்கள் தேவை என்ற பகுதியும் ஒன்று. நாளடைவில் ஏனைய பகுதிகளைவிட மணமக்கள் பகுதியையே மக்கள் நாடினர் என்பதை அவர் கவனித்தார். இணைய நிறுவனங்களின் வீழ்ச்சியில் தமது வேலையையும் இழந்த அவர், அதனையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். பாரத் மற்றிமோனி அவ்வாறு உருவாயிற்று. 2017இல் அந்நிறுவனம் இந்தியப் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. தமது மனைவியையும் அத்தளத்தினூடாகவே அவர் கண்டார் என்பர். பெஸ் குழாய்க் கதை போலன்றி இதனை அவரே கூறியுள்ளார்.

இங்கு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது யாது? ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமக்கள் தேவைப் பக்கத்தைப் புரட்டியவர் எவருக்கும் இத்தேவை தெரிந்ததே. தரகரும் சாதகக் குறிப்பும் நெடுங்காலமாக உள்ளவை. நாட்காட்டிக்காகத் திறந்த வாயிலால் வந்தோர் எந்த அறைக்குச் செல்கின்றனர் என்று பார்த்தமையே அவரது திறன். அதே வேளையில், பத்திரிகைப் பக்கத்திலிருந்த சாதிப் பிரிவுகளும் அப்படியே இணையத்தில் ஏறிக்கொண்டன என்பதையும் கூறாது விடமுடியாது. உள்ள தேவையை உள்ளவாறே எடுத்துக்கொள்ளும் எண்ணம், அத்தேவையின் அழுக்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றது.

எண்ணம் சரியாயிருந்தும் வீழ்ந்தவை உண்டு. புத்தகக் கடைகளாற் பெயர் பெற்ற லூயிஸ் போடர்ஸ் 1996இல் நிறுவிய வெப்வான், மளிகைப் பொருள்களை இணையத்திற் பெற்று வீட்டு வாயிலிற் சேர்ப்பிக்கும் திட்டம். கேட்போர் உளரா என அறியுமுன்பே, 1999இல், நாடெங்கும் பெருங் களஞ்சியங்கள் கட்ட 100 கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தம் செய்தது. 2001 யூலையில் மூடியபோது ஏறக்குறைய 2,000 பேர் வேலை இழந்தனர். 2020இன் ஊரடங்குக் காலத்தில் அரிசியும் பருப்பும் தொலைபேசித் திரையினூடாக இலங்கையின் வீடுகளையும் வந்தடைந்தபோது, இவ்வெண்ணத்தைப் பைத்தியக்காரத்தனம் என எவரும் சொல்லவில்லை.

இறுதியாக யூரியூப். இதன் தோற்றக் கதை எமது நாட்டைத் தொடுவது. ஆனால் பரவலாக வழங்கும் கதையில் அது இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த ஓர் இராவிருந்தில் எடுத்த காட்சிப் பதிவுகளை நண்பருக்கு அனுப்ப இயலாமற் போகவே, சட் ஹேளி, ஸ்டீவ் சென் ஆகியோருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பது பத்திரிகைகள் வழக்கமாக எழுதியது. மூன்றாவது நிறுவனரான ஜாவெட் கரீம் இதனை ஏற்கவில்லை. கதை எளிதிற் சொல்லத்தக்கதாக அமையவேண்டும் என்ற விளம்பர நோக்கு விருந்துக் கதைக்கு வலுவூட்டியிருக்கலாம் எனச் சென்னும் 2006இல் ஒப்புக்கொண்டார். ஜேர்மனியிற் பிறந்தவர் கரீம்; தந்தை வங்காளதேசத்தவர். 2004இன் இரண்டு நிகழ்ச்சிகளின் காட்சிகளை இணையத்திற் கண்டடைய முடியாதிருந்தமையே தமக்குத் தூண்டுகோல் என்றார். ஒன்று, அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு பாடகிக்கு நேர்ந்த உடை விபத்து. மற்றையது, டிசெம்பர் 26ஆந் திகதி இந்து சமுத்திரத்தில் எழுந்த ஆழிப்பேரலை.

இவ்விரண்டும் ஒரே மூச்சிற் சொல்லப்படுதல் எம்மை உறுத்தாமற் போகாது. முல்லைத்தீவிலிருந்து அம்பாறை, காலி வரை 30,000க்கு மேற்பட்டோரை எமது கரைகளிற் கொண்டுபோன அலை அது. பல நாடுகளின் கரைகளில் உல்லாசப் பயணிகளின் கைக்கமராக்களில் அலை பதிவாகியிருந்தது. தொலைக்காட்சி காட்டிய துண்டுகளுக்கு அப்பால் அவற்றைத் தேடிப் பார்க்க எளிய வழி இருக்கவில்லை. தேடியவருள் கரீமும் ஒருவர். அவரது கூற்றையும் ஏனைய கூற்றுகளைப் போலவே ஐயத்துடன்தான் நோக்கவேண்டும். நிறுவனரிடையே பங்குரிமை பற்றிய மனத்தாங்கல் அதில் கலந்திருக்கவும் கூடும். எனினும், இராவிருந்து பத்திரிகைக்கு உகந்தது, ஆழிப்பேரலை உகந்ததன்று என்ற தெரிவு தானாகவே நிகழ்ந்ததாகத் தோன்றவில்லை.

இரண்டு கதைகளுமே விடுவது, இடையிற் கிடந்த தோல்வியை. 2005 பெப்ரவரி 14ஆந் திகதி பெயர் பதிவு செய்யப்பட்டபோது, இளைஞரும் யுவதிகளும் தம்மை அறிமுகம் செய்து காட்சிப் பதிவு இட்டுத் துணை தேடும் தளமாகவே அது திட்டமிடப்பட்டது. பதிவு இடுவோருக்குப் பணம் தருவதாக அறிவித்தும் எவரும் முன்வரவில்லை. எதையேனும் எவரேனும் இடலாம் எனத் தளத்தைத் திறந்துவிட்டனர். அவ்வாறு ஏப்ரல் 23ஆந் திகதி அதில் ஏறிய முதற் காட்சி, சன் டியேகோ மிருகக்காட்சிச்சாலையில் யானைகளின் முன் நின்று, அவற்றின் துதிக்கை மிக நீளமானது என்று கரீம் கூறும் 19 விநாடிப் பதிவாகும்.